அப்பாவின் மடியில் ஒரு விரிப்பு

மறதி நோய் உள்ளவர்களின் கைகளுக்கு வேலை கொடுப்பதற்கென்று 'ஃபிட்ஜெட் பிளாங்கெட்' என்ற பெயரில் ஒரு மடி விரிப்பு இணையத்தில் விற்கப்படுகிறது. அதை 1,650 ரூபாய்க்கு வாங்கி அப்பாவின் மடியில் விரித்து ஏழு மாதங்கள் ஆகின்றன. ஏறத்தாழ இதே அமைப்பில், இதே நிறங்களில் பலர் விற்பதால், நான் வாங்கிய இடத்தின் பெயரை எழுதுவதில் பயனில்லை. பொருளைப் பற்றியே எழுதுகிறேன். பெட்டியிலிருந்து எடுத்த நிலையில் அந்த விரிப்புக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான் கொடுப்பேன். ஆனால் அதில் பெரும்பகுதியைப் பிரித்தெடுத்துவிட்டு, எங்கள் தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்து மாற்றித் தைத்த பிறகு, மாலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை எங்கள் வீட்டில் நிலவிய தவிப்பு பெருமளவு குறைந்திருக்கிறது. முதல் வடிவம் ஏன் தோற்றது, இரண்டாவது ஏன் நிலைத்தது என்பதை, இதே பொருளை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

அப்பாவுக்கு இப்போது 78 வயது. மதுரையில் விளக்குத்தூண் அருகே ஒரு ஜவுளிக்கடையில் 41 ஆண்டுகள் விற்பனையாளராக நின்றவர். கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வருகிற குடும்பத்துக்கு, ஒரு பகல் முழுவதும் சேலைகளை எடுத்துப் போட்டு, விரித்துக் காட்டி, கரையைத் திருப்பி உள்பக்கத்தைக் காட்டி, பிடிக்காத எழுபது சேலைகளையும் பழைய மடிப்பிலேயே மடித்து அலமாரியில் ஏற்றுகிற வேலை அது. துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒருமுறை தேய்த்துப் பார்த்தாலே, எத்தனை சலவைக்குத் தாங்கும் என்று சொல்லிவிடுவார். அல்சைமர் வகை மறதி நோய் என்று மருத்துவர் உறுதி செய்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பெயர்கள் போயின, அம்மா இறந்துவிட்ட செய்தி போனது, நான் மகள் என்பதும் சில நாள்களில் போய்விடுகிறது. ஆனால் அந்த இரண்டு விரல்களும் ஓயவில்லை.

ஒன்றரை ஆண்டுக்கு முன்பு அந்த விரல்கள் வேட்டிக் கரையைப் பிடித்து நூல் நூலாக உருவத் தொடங்கின. ஒரு வாரத்தில் நான்கு வேட்டிகள் ஓரம் சிதைந்தன. வேட்டியை மாற்றி லுங்கி கட்டிவிட்டபோது, விரல்கள் இடது முன்கையின் தோலுக்குப் போயின. கிள்ளிக் கிள்ளி, பொருக்குத் தட்டிய இடத்தையே மறுபடியும் பிய்த்துப் புண்ணாக்கிக்கொண்டார். சட்டைப் பொத்தான்களைப் போடுவதும் கழற்றுவதுமாக ஒரு மணி நேரம் கழியும். வெயில் இறங்கியதும் எழுந்து வாசல் கதவுக்குப் போய் இழுத்துப் பார்ப்பார்; "ஷட்டரை இறக்கியாச்சா?" என்று கேட்பார், உட்காருவார், மூன்று நிமிடங்களில் மறுபடியும் எழுவார். ஒரு மாலையில் அவர் வாசலுக்குப் போய் வந்ததை எண்ணினேன், 26 முறை. எண்ணியதற்காக அன்றிரவு வருந்தினேன் என்றாலும், அந்த எண்ணிக்கையைக் குறித்து வைத்தது பின்னால் பெரிய உதவியாயிற்று.

விரிப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அதை வாங்குவதற்கு முன்பு செய்யவேண்டியிருந்ததைச் சொல்லியாக வேண்டும். விற்பனைப் பக்கம் எதிலும் இது எழுதப்படுவதில்லை. இந்தப் பழக்கங்களைப் பற்றி நரம்பியல் மருத்துவரிடம் சொன்னபோது, அவர் மாத்திரையும் எழுதவில்லை, விளையாட்டுப் பொருளும் பரிந்துரைக்கவில்லை. மலம் ஒழுங்காகப் போகிறாரா, சிறுநீர் கழிக்கும்போது முகம் சுளிக்கிறாரா, எங்காவது வலி இருக்குமா, தோல் வறண்டு அரிக்கிறதா, காதும் கண்ணும் எப்படி இருக்கின்றன, புதிதாக ஏதாவது மருந்து தொடங்கினோமா என்று வரிசையாகக் கேட்டார். நோய் முற்றிய நிலையில் 'வலிக்கிறது' என்று சொல்லும் சொல் கிடைக்காதபோது, அந்த வலி கைவழியாகத்தான் வெளியே வரும் என்றார். அப்பாவுக்கு நான்கு நாள்களாக மலச்சிக்கல் இருந்தது. முன்கையின் தோலோ பனை ஓலைபோல வறண்டிருந்தது. மலச்சிக்கலைச் சரிசெய்து, காலையும் இரவும் தேங்காய் எண்ணெய் தடவத் தொடங்கிய பத்து நாள்களில், தோலைக் கிள்ளுவது பாதியாகக் குறைந்தது. அதுவரை ஒரு ரூபாய்ப் பொருளும் வாங்கவில்லை.

வேறு மூன்று செய்திகளையும் அவர் பிரித்துக் காட்டினார். ஓய்வாக மடியில் கிடக்கும் கையில், மாத்திரையை உருட்டுவதுபோல் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே அசைந்தால் அது பழக்கமல்ல, பார்க்கின்சன் வகை நடுக்கமாக இருக்கலாம். அதற்கு விரிப்பு மருந்தாகாது. அதுபோலவே, மனநோய்க்கான சில மருந்துகளும், வாந்தியை நிறுத்தக் கொடுக்கப்படும் சில மருந்துகளும், உட்காரவிடாத ஓர் உள்பரபரப்பை உண்டாக்கக்கூடும். அப்படி நடைபோடுகிறவருக்கு மருந்துச் சீட்டைத்தான் முதலில் மறுபடியும் பார்க்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நேற்றுவரை இல்லாத பழக்கம் இன்று திடீரென்று தோன்றி, படுக்கை விரிப்பையும் காற்றையும் பிடித்துப் பிடித்து இழுத்து, மயங்கியும் விழித்தும் கிடந்தால், அது தொற்றாலோ உடலில் நீர் குறைந்ததாலோ வந்த குழப்பநிலையாக இருக்கக்கூடும் என்றும், அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்து வரவேண்டும் என்றும் சொன்னார். இவை எல்லாவற்றையும் கடந்த பிறகும் மிஞ்சிய பரபரப்புக்குத்தான் இந்த விரிப்பை வாங்கினேன்.

ஏன் மிஞ்சுகிறது என்பதையும் அவர் விளக்கினார். சற்று முன் செய்ததை நினைவில் நிறுத்தும் பகுதி பழுதாகிவிடுவதால், கதவைப் பார்த்து வந்தவருக்குப் பார்த்துவிட்டோம் என்பது இல்லாமல் போகிறது. 'போதும்' என்று கையை நிறுத்தும் நெற்றிப்பக்க மூளையும் தளர்கிறது. ஆனால் கை பழகிய வேலையைக் காக்கும் பகுதிகள் வேறு. பெயரும் நாளும் மறந்த பிறகும் அவை நெடுங்காலம் நிற்கின்றன. மனத்தில் இருக்கும் கலக்கம், எஞ்சி நிற்கும் அந்தப் பாதையில் ஓடுகிறது. இது இந்த நூற்றாண்டில் முளைத்த பழக்கமும் அல்ல. இந்த நோய்க்குப் பெயர் தந்த மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் 1901-இல் பிராங்க்பர்ட்டில் கண்டு, 1907-இல் கட்டுரையாக எழுதிய முதல் நோயாளியான பெண்ணும், கணவரையும் மகளையும் கூப்பிட்டுக்கொண்டு படுக்கைத் துணிகளை இழுத்தபடி அலைந்தவர்தான்.

இனி விரிப்பு. 60 சென்டிமீட்டர் நீளம், 45 சென்டிமீட்டர் அகலம். ஆறு கட்டங்களாகத் தைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வேலை வைத்திருந்தார்கள்: ஒரு ஜிப், முதுகுப்பையில் இருப்பதுபோன்ற ஒரு பிளாஸ்டிக் கொக்கி, ஷூ நாடா கோக்கும் துளைகள், பிரித்து ஒட்டும் வெல்க்ரோ மூடி, கயிற்றில் கோத்த வண்ண மணிகள், ஒரு சிறிய பை. நான்கு ஓரங்களிலும் சாட்டின் ரிப்பன். நடுவில் புசுபுசுவென்று ஒரு யானைப் பொம்மை ஒட்டப்பட்டிருந்தது. அடிப்பக்கம் முழுவதும் வழுவழுப்பான பாலியஸ்டர். பெட்டியைத் திறந்ததும் பசை வாடை அடித்தது. இரண்டு முறை துவைத்து வெயிலில் போட்ட பிறகுதான் போயிற்று.

அப்பாவின் மடியில் அதை விரித்த முதல் நாளை நான் மறக்கமாட்டேன். யானையைப் பார்த்தார். ஓரத்தைத் திருப்பினார். இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து ஒருமுறை தேய்த்தார். "இது கலப்படம்மா. வேர்க்கும். வேற காட்டச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, அழகாக நான்காக மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவ்வளவு தெளிவாக ஒரு முழு வாக்கியத்தை அவர் பேசிப் பல வாரங்கள் ஆகியிருந்தன. பணம் வீணாயிற்று என்று தோன்றவே இல்லை. அவர் சொன்னதில் தவறு எதுவுமில்லை என்றுதான் தோன்றியது. அடுத்த மூன்று வாரங்கள், நாளுக்கு ஒருமுறை கொடுத்துப் பார்த்து, எந்தக் கட்டத்தில் கை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஒரு நோட்டில் எழுதினேன்.

வெல்க்ரோ முதலில் தோற்றது. பிரிக்கும்போது எழும் 'சரக்' என்ற ஓசை, துணி கிழிபடும் ஓசைபோல இருக்கிறது. துணியை உயிராக நினைத்தவர் ஒவ்வொரு முறையும் துணுக்குற்றார். அதன் முள்பகுதி வேட்டி நூலையும் பிடித்து இழுத்தது. கொக்கியை அழுத்தித் திறக்கும் வலு அவர் விரல்களில் இல்லை. இரண்டு முறை முயன்று, முடியாமல், கோபத்தில் விரிப்பையே தள்ளிவிட்டார். முடியாத வேலையைக் கையில் கொடுப்பது எந்த வேலையும் கொடுக்காததைவிடக் கெடுதல் என்பதை அன்று கண்டேன். ஷூ நாடாத் துளைகளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாழ்நாள் முழுவதும் செருப்பு அணிந்தவர், கடைக்குள் அதையும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றவர். நாடா கட்டும் நினைவு அந்த விரல்களில் எங்கிருந்து வரும்? ஜிப் சில நாள்கள் பிடித்திருந்தது. ஆனால் அதன் உலோக நாக்கு கூராக இருந்ததால் உள்ளங்கையில் கீறல் விழுந்தது.

மணிகளைப் பற்றி மட்டும் கடுமையாகவே எழுதவேண்டியிருக்கிறது. ஒற்றை நூலில் கோத்து முடிச்சுப் போட்டிருந்தார்கள். நூல் உருவுவதே பழக்கமாக உள்ள ஒருவருக்காகச் செய்த பொருளில் ஒற்றை நூலா? ஐந்தாம் நாள் முடிச்சு அவிழ்ந்து, ஒரு மணி அப்பாவின் வாய்க்குள் போய்விட்டது. கன்னம் புடைத்திருப்பதைத் தற்செயலாகப் பார்த்து, விரலைவிட்டு எடுத்தேன். மறதி நோயின் நடுநிலையிலும் கடைநிலையிலும் பலர் கைக்குக் கிடைத்ததை வாயில் போடுவது தெரிந்த செய்தி. விழுங்குவதிலும் அவர்களுக்குச் சிரமம் இருக்கும். விற்பனையாளருக்கு எழுதினேன். மேற்பார்வையில் பயன்படுத்த வேண்டிய பொருள் என்று பதில் வந்தது. மேற்பார்வை இல்லாத அரை மணி நேரம் கிடைக்காதா என்றுதான் என்னைப்போன்றவர்கள் இதை வாங்குகிறோம் என்று பதில் எழுதினேன். பிறகு மறுமொழி இல்லை. எந்த விரிப்பை வாங்கினாலும் மணி, ஒட்டிய பொத்தான், ஒலி எழுப்பும் சிறிய சலங்கை இவற்றை வந்த அன்றே வெட்டி எடுத்துவிடுங்கள். ஒளிரும் விளக்கோ இசையோ உள்ள வகையை வாங்கவே வேண்டாம். அவற்றுக்குள் இருக்கும் சிறிய வட்ட பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாய் வெந்துவிடும்.

தேறியவை இரண்டுதான்: ஓரத்து ரிப்பனும், அந்தச் சிறிய பையும். ரிப்பனை அப்பா கரை என்று எடுத்துக்கொண்டார். மூலையிலிருந்து மூலைவரை விரலை ஓட்டுவார். பைக்குள் கையை விட்டு எதையோ தேடுவார். அதில் ஒரு மடித்த கைக்குட்டையை வைத்தேன். எடுத்தார், பிரித்தார், மடித்தார், உள்ளே வைத்தார். அன்று அது 20 நிமிடங்களுக்கு மேல் நடந்தது. முன்கைக்குப் போகவில்லை.

பெட்டியின் மேல் 'நினைவாற்றலைத் தூண்டும்' என்று அச்சிட்டிருந்தார்கள். இதை நம்பி யாரும் வாங்க வேண்டாம். எந்தத் துணியும் இழந்த நினைவைத் திருப்பித் தராது. நோயின் போக்கையும் மாற்றாது. கிளர்ச்சியும் பரபரப்பும் உள்ளவர்களுக்கு மருந்துக்கு முன்னால் இதுபோன்ற வழிகளை முயலவேண்டும் என்று பிரிட்டனின் நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறி சொல்வது உண்மை. மனநோய் மருந்துகளை மறதி நோய் உள்ள முதியவர்களுக்குக் கொடுத்தால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் கடும் எச்சரிக்கை விடுத்ததும் உண்மை. ஆகவே முதலில் துணியை முயல்வதில் நியாயம் இருக்கிறது. அதற்குக் கிடைக்கக்கூடிய பலன், கலக்கம் மிகுந்த ஒரு வேளை அமைதியாகக் கழிவதும், தோல் புண்ணாகாமல் இருப்பதும்தான். எனக்கு அதுவே பெரிது.

மூன்று வாரக் குறிப்புகளைப் படித்துப் பார்த்தபோது பிடிபட்டது இதுதான்: அந்த விரிப்பு யாரோ ஒருவருடைய கைக்காகத் தைக்கப்பட்டது, அந்த ஒருவர் ஷூ அணிபவர், பெல்ட் கட்டுபவர், குளிர்நாட்டில் மடியில் கம்பளி போட்டுக்கொள்பவர். 60 வயதைக் கடந்த இந்தியர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயோடு வாழ்கிறார்கள் என்று 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிடுகிறது. அந்த 88 லட்சம் பேரின் கைகள் பூ கட்டியவை, அரிசி புடைத்தவை, பீடி சுற்றியவை, தறி நெய்தவை, கணக்கு எழுதியவை. இங்கே விற்கும் பொருளில் அந்த வேலை எதுவுமே இல்லை என்பதுதான் என் முதன்மையான குறை.

விரிப்பை எங்கள் தெருமுனைத் தையல்காரரிடம் எடுத்துப்போனேன். அப்பாவைக் கடைக்காலத்திலிருந்தே அறிந்தவர் அவர். நான் சொல்லி முடிக்கும் முன்பே புரிந்துகொண்டார். யானை, மணிகள், வெல்க்ரோ, கொக்கி, துளைகள், ஜிப் அனைத்தையும் பிரித்தெடுத்தோம். வழுக்கும் அடிப்பக்கத்துக்குப் பதிலாகக் காடாத்துணி வைத்ததால், மடியிலிருந்து சரிந்து விழுவது நின்றது. ஆறு கட்டங்களுக்கும் ஆறு வேறு துணிகள். அம்மாவின் பழைய பட்டுச்சேலையின் சரிகைக் கரை ஒரு கட்டம். கதர் ஒன்று. ஈரிழைத் துண்டு ஒன்று. பழகி மெத்தென்றிருக்கும் மல் வேட்டி ஒன்று. தலையணை உறைக்குப் பயன்படும் தடித்த பருத்தி ஒன்று. ஆறாவது, சுங்குடி.

சுங்குடியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அந்தக் கட்டத்தில்தான் அப்பாவின் கை அதிக நேரம் நிற்கிறது. மதுரைச் சௌராட்டிரக் குடும்பங்கள் கைமுடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் இந்தத் துணிக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அச்சடித்த சுங்குடியில் புள்ளி கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். கையால் முடிந்த சுங்குடியிலோ, முடிச்சை அவிழ்த்த பிறகும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு சுருக்கமாக எழும்பி நிற்கும், விரலுக்குத் தட்டுப்படும். அதனால் முடிச்சுச் சுங்குடிதான் வேண்டும் என்று தேடி, அரை மீட்டர் துண்டு வாங்கினேன். இஸ்திரி போடாமலேயே தைக்கச் சொன்னேன். அப்பா முதலில் செய்தது, அந்த மூலையைத் தூக்கி உள்பக்கத்தைப் பார்க்க முயன்றது. அசல் சாயம் மறுபக்கமும் ஏறியிருக்கும். அதைத்தான் அவர் வாடிக்கையாளருக்குத் திருப்பிக் காட்டுவார். கட்டத்தை நான்கு பக்கமும் தைத்துவிட்டதால் தூக்க முடியவில்லை, முகம் வாடியது. மறுநாளே தையலைப் பிரித்து, ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும்படி மாற்றினோம். இப்போது தூக்கிப் பார்க்கிறார், தலையாட்டுகிறார், விடுகிறார், புள்ளிகளைத் தடவுகிறார், மறுபடியும் தூக்கிப் பார்க்கிறார்.

ஒரு ஓரத்தில், சுருக்குப்பைக்கு வைப்பதுபோன்ற சுருக்குக் கயிற்றை உறையோடு சேர்த்துத் தைத்தோம். கயிற்றின் நீளம் ஒரு சாணுக்கு மேல் போகக்கூடாது, விரலிலோ கழுத்திலோ சுற்றிக்கொள்ள இடம் தரக்கூடாது என்பதில் கவனமாக இருந்தோம். எல்லாத் தையலும் இரட்டை நூல், இரண்டு முறை. தைப்புக் கூலி 250 ரூபாய். துணிகளுக்குச் சுங்குடியைத் தவிர எதுவும் செலவாகவில்லை.

பொருள் சரியான பிறகும், கொடுக்கும் விதத்தில் இரண்டு தவறுகள் செய்தேன். கை முன்கைக்குப் போனதும் பதறி, "இதைப் பிடிங்கப்பா" என்று விரிப்பை மடியில் திணித்தேன். அவர் கண்டிக்கப்பட்டவர்போல ஒடுங்கினார். பழக்கம் தொடங்கிய பின் கொடுத்தால் அது தடுப்பாகத்தான் அவருக்குத் தெரிகிறது. என் நோட்டின்படி பரபரப்பு தொடங்குவது ஐந்து மணி வாக்கில். எனவே நான்கரைக்கு, காபி கொடுத்து, கூடத்து விளக்கைப் போட்டு நிழல் விழாமல் செய்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தத் துணி எப்படி இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்கப்பா" என்று கேட்கிறேன். கேட்பது நடிப்பல்ல, அவருக்குத் தெரிந்த அளவுக்கு எனக்குத் துணியைப் பற்றித் தெரியாது. இரண்டாவது தவறு, நாள் முழுவதும் அதை மடியிலேயே போட்டு வைத்தது. நான்கு நாள்களில் அது அவர் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. மாலையில் மட்டும் எடுத்து, ஏழு மணிக்கு அவரே மடித்துக் கொடுத்ததும் அலமாரியில் வைத்துவிடுகிறேன்.

விரிப்பால் தீராதவையும் உண்டு. வாசலுக்குப் போவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை; 26 என்று எழுதிய அதே நோட்டில் இப்போது ஆறு, எட்டு, சில நாள்களில் பன்னிரண்டு என்று இருக்கிறது. "ஷட்டரை இறக்கியாச்சா?" என்ற கேள்விக்குத் துணி பதிலாகாது. 'நீங்கள் ஓய்வு பெற்றுப் பதினைந்து வருடம் ஆகிறது' என்று விளக்கிய காலத்தில், ஒவ்வொரு முறையும் புதிதாக அதிர்ந்தார். இப்போது "இறக்கியாச்சுப்பா, சாவி உங்க பையிலதான் இருக்கு" என்று சொல்கிறேன். பழைய பூட்டின் சாவி ஒன்றை அவர் சட்டைப் பையில் உண்மையாகவே போட்டு வைத்திருக்கிறேன். தொட்டுப் பார்க்கிறார், உட்காருகிறார். இரவில் தோலைக் கிள்ளுவதற்கும் விரிப்பு உதவவில்லை. நகத்தை ஒட்ட வெட்டி, எண்ணெய் தடவி, தளர்ந்த முழுக்கைச் சட்டை போட்டுவிடுவதுதான் உதவுகிறது. பிரிட்டன் மருத்துவமனைகளில் தன்னார்வலர்கள் பின்னித் தருகிற, இரண்டு கைகளையும் உள்ளே நுழைத்துக்கொள்ளும் கம்பளிக் குழல் ஒன்றையும் உறவுப்பெண் பின்னிக் கொடுத்தாள். மதுரை வெயிலுக்கு அது ஆகாது. இரண்டு நிமிடங்களில் கையை உருவிக்கொண்டார்.

எல்லோருக்கும் இது பொருந்தும் என்றும் சொல்லமாட்டேன். கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போடுகிற நிலையில் உள்ளவர்களுக்கு, எதுவும் தொங்காத, எதுவும் பிரியாத, வெறும் துணிக்கட்டங்கள் மட்டுமே பாதுகாப்பு. மூளையின் முன்பகுதியையும் பக்கப் பகுதியையும் தாக்கும் நெற்றிப்பொட்டு வகை மறதி நோயில், திரும்பத் திரும்பச் செய்வது பெரும்பாலும் கலக்கத்தால் வருவதல்ல, நோயின் அடையாளங்களிலேயே ஒன்று. அங்கே துணி பழக்கத்தைக் குறைக்கும் என்று எதிர்பார்ப்பதைவிட, அந்தப் பழக்கம் யாருக்கும் ஊறு செய்யாமல் நடக்க இடம் கொடுப்பதே செய்யக்கூடியது. யாருக்கும் கெடுதல் இல்லாத பழக்கமாக இருந்தால், அதை நிறுத்த எதையும் வாங்கவேண்டியதில்லை. அப்பா பொத்தானைப் போட்டுக் கழற்றுவதை நான் இப்போது தடுப்பதே இல்லை.

சென்னையில் உள்ளவர்கள் 'ஸ்கார்ஃப்' மனநல அமைப்பின் மறதி நோய்ப் பிரிவையும், மற்ற ஊர்களில் உள்ளவர்கள் 14567 என்ற தேசிய முதியோர் உதவி எண்ணையும் அணுகி, அருகில் என்ன வசதி இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம்.

வாங்குவதானால், அடிப்பக்கம் பருத்தியாக இருப்பதை, பிரித்துத் தைக்க இடம் விட்டிருப்பதை, அளவு மடியைத் தாண்டித் தரையில் புரளாததைப் பார்த்து வாங்குங்கள். நடக்கக்கூடியவருக்கு நீளமான விரிப்பு காலைத் தட்டிவிடும். தைப்பதானால் 1,650 ரூபாய் தேவையே இல்லை. அரை மீட்டர் காடாத்துணியும், வீட்டில் இருக்கும் பழைய துணிகளும், உங்கள் அம்மாவோ அப்பாவோ கையால் செய்துவந்த வேலை எது என்ற யோசனையும் போதும். பக்கத்துத் தெருவில், பூ கட்டிப் பிழைத்த ஒரு பாட்டிக்கு, வாழைநாரும் துணிப்பூக்களும் வைத்து அவர் பேத்தி இப்படியொரு விரிப்பைத் தயாரித்துக்கொண்டிருக்கிறாள்.

வாரம் ஒருமுறை, துவைக்கும் சோடா இல்லாமல், சாதாரணச் சோப்பில் கையால் துவைக்கிறேன். சரிகைக் கரை இருப்பதால் முறுக்கிப் பிழிவதில்லை. ஏழு மாதத்தில் சுங்குடிக் கட்டத்தின் மூலை இழைவிட்டுவிட்டது; விரல் படும் இடத்தில் புள்ளிகள் தேய்ந்து சமமாகிவிட்டன. போன வியாழக்கிழமை அப்பா அந்த மூலையை இரண்டு விரல்களால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "பழசு இது, புதுசு எடுத்துட்டு வா" என்றார். அதே தையல்காரரிடம் இன்னொரு அரை மீட்டர், இந்த முறை அரக்குச் சிவப்பில், கொடுத்திருக்கிறேன்.